ஊதத் தெரியாத ஊர்க்காரருக்கு

வாங்க சார், திண்ணையில உக்காருங்க. பெத்த மகனை சார்ங்கிறேனேன்னு பாக்காதே. பலூன் ஊத ஆள் வச்சவனை வேற எப்படிக் கூப்பிடுறது?

பேத்தி பிறந்தநாளுக்கு மெட்ராஸ் வந்தப்பப் பாத்தேனே. ரெண்டு பேரு மிசினோட வந்தாக. ‘ஸ்ஸ்’னு ஒரு சத்தம், ஒரு பலூன். நான் ஒரு வெத்தலை மடிச்சு வாயில வைக்கிறதுக்குள்ள, சுவத்துல கோயில் வாசல் கணக்கா வளைவு நிக்குது. சரி, பிள்ளைக விளையாடத்தான்னு நெனச்சேன். பக்கத்து வீட்டுப் பொடியன் ஒருத்தன் ஒரே ஒரு பலூன் மேல ஒத்தை விரலை வச்சான். ‘தொடாத, போட்டோ எடுக்கணும்’னு நாலு பெரியவுக பாஞ்சாக. நானும் கையை மடக்கி மடியில வச்சுக்கிட்டேன். இந்த வயசுல எதுக்கு வம்பு?

எங்க காலத்துல பலூன் வாங்கித் தர யாரு இருந்தா? செடியில பறிச்சோம். காட்டாமணக்குக் காம்பை முழுசா ஒடிக்காம பாதி ஒடிச்சு லேசா இழுத்தா, நடுவுல பாலு சவ்வாட்டம் நிக்கும். மெல்ல ஊதினா முட்டை முட்டையா வானவில் நிறத்துல பறக்கும். சொடக்குத் தக்காளியைப் பறிச்சு அடுத்தவன் நெத்தியில அடிச்சா ‘படக்’. கெடா வெட்டு அன்னைக்கு இன்னொரு பலூன் கிடைக்கும். அது ஆட்டுக்குள்ள எந்த இடத்துல இருந்துச்சுன்னு உன் பொண்டாட்டி காதுபடச் சொல்ல மாட்டேன்.

ரப்பர் பலூன் கதையை உன் மக படிச்சுச் சொன்னா. லண்டன்ல மைக்கேல் ஃபாரடேன்னு ஒரு விஞ்ஞானி, 1824-ல, ஹைட்ரஜன் வாயுவைப் பிடிச்சு வைக்கப் பை தேடியிருக்காரு. ரெண்டு ரப்பர் தகட்டை ஒண்ணு மேல ஒண்ணா வச்சு ஓரத்தை அமுக்கி ஒட்டிட்டு, உள்பக்கம் ஒட்டிக்காம இருக்க மாவு தடவினாராம். கேட்டுக்கிட்டிருந்த உங்காத்தா, ‘சோமாசு செஞ்சாருன்னு சொல்லு’ன்னுட்டு அடுப்படிக்குப் போயிட்டா. அவ்வளவு பெரிய மனுசனே தன் கையால ஓரம் ஒட்டியிருக்காரு. உனக்கு ஊத ஆள்!

ஊதுறதுலயும் ஒரு சூட்சுமம் இருக்கு. மொத ஊதுதான் கன்னத்தை வலிக்க வைக்கும். பலூன் சின்னதா இருக்கப்ப உள்ள அமுக்கம் ஜாஸ்தி. கொஞ்சம் பெருத்துட்டா இளகிக் கொடுக்கும். அதனால முதல்ல கையால நாலு தடவை இழுத்து விட்டுட்டு ஊதணும். இதுல ஒரு வேடிக்கை பாரு. ஒண்ணைச் சின்னதாவும் ஒண்ணைப் பெருசாவும் ஊதி, ரெண்டு வாயையும் ஒரு குழாயில மாட்டு. பெருசு சின்னதுக்குக் காத்துக் கொடுக்கும்னுதானே நெனப்பே? நடக்காது. சின்னது தன்கிட்ட இருந்ததையும் பெருசுக்குக் கொடுத்துட்டுச் சுருங்கிப் போவும். எனக்கு நம்ம வீட்டுப் பாகப்பிரிவினை ஞாபகம் வந்துச்சு. உன் பெரியப்பாட்ட சொல்லிராத.

போன மாசி மகத்துக்குக் குளமங்கலம் போயிருந்தோம். பெருங்காரையடி மிண்ட அய்யனாரு கோயில் குதிரை, முப்பது அடிக்கு மேல நிக்கிற குதிரை, சனம் சாத்துற காகித மாலையில கழுத்து வரைக்கும் மூழ்கிக் கிடந்துச்சு. திரும்பி வந்ததும் உன் மகன், ‘அய்யா, எனக்கும் அந்தக் குதிரை வேணும்’னு ஒரே அழுகை. நான் என்ன செஞ்சேன்? கோயில் கடையில வாங்குன நீட்டுப் பலூன்ல ஒண்ணை ஊதிக் கட்டினேன். பழைய பேப்பரைக் கிழிச்சு, போஸ்டர் ஒட்டுறானே அந்த மைதாப் பசையில முக்கி, நாலு சுத்து ஒட்டினேன். ரெண்டு நாள் நிழல்ல காய விட்டேன். வெயில்ல வைக்கக் கூடாது, உள்ள காத்து சூடேறிப் பெருத்து, ஒட்டுனது பிளந்துக்கும். ஒரு தடவை பிளந்துச்சு, அதான் தெரியும். காஞ்சதும் ஊசியால ஒரு குத்து. பலூன் செத்துப்போச்சு, குதிரைத் தலை நின்னுச்சு. காது ரெண்டும் அட்டை, கண்ணு ரெண்டும் சோடா மூடி. பாத்தா குதிரையும் இல்ல, கழுதையும் இல்ல, என் மச்சினன் சாயல். அதுக்கும் காகித மாலை போட்டு மூணு நாள் திருவிழா நடத்தினாக. இதே பசையில நூலை முக்கி உருண்டைப் பலூன்ல குறுக்க மறுக்கச் சுத்திக் காய வச்சா விளக்குக் கூடு. உங்க ஊர்ல இதுக்கு என்ன வெலைன்னு கேட்டுட்டு எனக்குச் சொல்லு, நானும் கடை போடுறேன்.

ராக்கெட் விட்டது தனிக் கூத்து. பப்பாளி இலைத் தண்டு உள்ள பொள்ளல்தானே, அதைச் சாணளவு நறுக்கிக் கயித்துல கோத்து, ஊதுன பலூனை அதுல ஒட்டி விட்டா ‘விர்’ருன்னு போவும். முன்னாடி ரெண்டு தென்னைக்கு நடுவுல கயிறு கட்டுவோம். 2018 நவம்பர்ல வந்த கஜா புயல் ஒரு தென்னையைச் சாச்சுட்டுப் போயிட்டதால, இப்ப மறுமுனை உங்காத்தாவோட துணிக்கொடிக் கம்பு. அதுக்கு நான் வாங்குன பேச்சு தனி.

மந்திரமும் போடுவேன். கமலாப்பழம் உரிக்கிற சாக்குல தோலைப் பலூன்கிட்டப் பிதுக்கினா, அதுல தெறிக்கிற எண்ணெய் ரப்பரை அரிச்சு ‘டமார்’. எல்லாப் பலூனும் வெடிக்காது, கெட்டி ரப்பர் தாங்கும். வெடிக்கலைன்னா, ‘இன்னைக்கு அமாவாசை, மந்திரம் பலிக்காது’ன்னு சொல்லிக்கலாம்.

வெடிச்ச துண்டு விசயத்துல மட்டும் எனக்கு விளையாட்டு ஆகாது. ஒண்ணு விடாமப் பொறுக்கிருவேன். சின்னது வாயில போட்டுத் தொண்டையில ஒட்டிக்கிச்சுன்னா எடுக்க முடியாது. கைப்பிள்ளை கையில ஊதாத பலூனையும் குடுக்கக் கூடாது. ஆட்டுக்குட்டிக்கும் அதே சட்டம்தான்.

அப்புறம் சீட்டு விளையாட்டு. துண்டுச் சீட்டைச் சுருட்டி உள்ள போட்டு ஊதிடணும். ஆளுக்கொரு பலூன் மேல உக்காந்து உடைக்கணும், சீட்டுல உள்ளதைச் செய்யணும். ‘கோழி மாதிரி கூவு’ன்னு ஒண்ணு இருந்துச்சு, உன் மக கூவினா. மத்ததுல, ‘அய்யாவுக்கு வெத்தலை இடி’, ‘அய்யாவுக்குக் கால் பிடி’, ‘மாட்டுக்குத் தண்ணி காட்டு’. எல்லாம் ஒரே கையெழுத்துன்னு எந்தப் பிள்ளையும் கவனிக்கலை. நீங்க கட்டுற பள்ளிக்கூட ஃபீஸுக்கு இது போதும்.

இப்பப் பாரு, கரண்டு போயிருச்சு. இனி சாயங்காலந்தான் வரும். பதறாத. ஏ பிள்ளைகளா, ஆளுக்கொரு பனை விசிறி எடுங்க! பலூனைக் கையால தொடக் கூடாது, விசிறியே தள்ளணும். கயித்துக் கட்டில்தான் எல்லை, தலைமாட்டுக்கு வந்தா ஒரு பாயிண்ட், கால்மாட்டுக்கு வந்தா ரெண்டு. நான் நடுவுல படுத்துக்கிட்டு நடுவரா இருக்கேன்.

என்ன தம்பி சிரிக்கிறே? நீயும் ஒரு விசிறியை எடு, வடக்குப் பக்கம் ஆள் குறையுது.