கிராம் மாமா

எங்கள் குடியிருப்புக்குப் புதிதாக வந்த வாட்ச்மேன், மூன்றாம் மாடி மாமாவை ரொம்ப நாள் கிராமத்து மாமா என்றே நினைத்துக்கொண்டிருந்தார். "அவருக்கு எந்த ஊருங்க, கும்பகோணம் பக்கமா?" என்று என்னிடம் விசாரித்தார். மாமா பிறந்தது, படித்தது, ஓய்வு பெற்றது எல்லாம் சென்னைதான். வயலைப் பார்த்ததெல்லாம் ரயில் ஜன்னல் வழியாக. அவர் கிராமத்து மாமா இல்லை, கிராம் மாமா. எதையும் கிராமில் எடை போடாமல் வாயில் போடமாட்டார் என்பதால் குடியிருப்புப் பிள்ளைகள் வைத்த பெயர்.

இந்த ரகத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆபீஸில் டப்பாவைத் திறந்ததும் செல்போனில் படம் பிடித்து, அது என்ன பதார்த்தம் என்று செயலி கண்டுபிடிக்கிறவரை பசியோடு காத்திருப்பவர். குழிப்பணியாரத்தை மாட்டிறைச்சி உருண்டை என்று அது சொன்னால், பதறிப்போய் அதற்குப் பாடம் எடுப்பவர். ஆனால் எங்கள் மாமா அந்தக் கூட்டத்துக்கே தலைவர். முப்பத்தைந்து வருஷம் வங்கியில் வேலை. அதில் பாதி இன்ஸ்பெக்‌ஷன். அவர் வருகிறார் என்றால் கிளை மேனேஜர்களுக்கு முதல் நாளே வயிற்றைக் கலக்குமாம்.

போன வருஷம் டாக்டர் அவரிடம் மூன்றே வாக்கியம் சொன்னார். சர்க்கரையைக் குறைங்க. புரோட்டீனைக் கூட்டுங்க. மொத்தத்தில் கம்மியா சாப்பிடுங்க. வேறு யாராவது என்றால் மூன்றாவதை மட்டும் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பார்கள், அதையும் தீபாவளி கழித்து ஆரம்பித்திருப்பார்கள். மாமா நேரே கடைக்குப் போய் ஒரு நீள நோட்டும் ஒரு மின் தராசும் வாங்கிக்கொண்டு வந்தார். நோட்டில் மூன்று பத்தி போட்டார். அன்றைக்கு அவர் எடை 84 கிலோ.

தராசை எனக்குக் காட்டினார். உள்ளங்கை அகலம், கண்ணாடி மேல்தட்டு. "இதுலே 'டேர்'னு ஒரு பொத்தான் இருக்கு பாருங்கோ. கிண்ணத்தை வச்சு இதை அமுக்கினா கிண்ணத்தோட எடை போயிடும். பூஜ்யம் காட்டும். அப்புறம் போடற சாமானுக்கு மட்டும்தான் கணக்கு." ஒரு வெற்றுக் கிண்ணத்தை வைத்து அமுக்கினார். பூஜ்யம். மறுபடி எடுத்து வைத்து, மறுபடி அமுக்கினார். முப்பத்தைந்து வருஷத்தில் இப்படியொரு வசதி அவர் கண்ணில் பட்டதில்லை என்று முகம் சொன்னது.

முதல் சிக்கல் இட்லியில் வந்தது. "ஒரு இட்லின்னு எழுதச் சொல்றான் சார் செயலியிலே. ஒரு இட்லிங்கறது ஒரு அளவா?" நியாயமான கேள்விதான். சாம்பாரில் மிதக்கும் பதினாலு இட்லியில் ஒன்றும் இட்லி. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் மூங்கில் குடலையில் வேகவைத்து, முழங்கை நீளத்துக்கு எடுத்து வெட்டித் தருகிறார்களே, அதுவும் இட்லி. மாமியின் இட்லியை நிறுத்துப் பார்த்ததில் 42 கிராம். சுமார் 50 கலோரி, 2 கிராம் புரோட்டீன் என்று எழுதிக்கொண்டார்.

பிறகு கணக்குப் போட்டார். ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், உடம்பு எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரோட்டீன் என்கிறது. இவருக்கு 70 கிராம். அதை இட்லியிலேயே எடுத்தால் 35 இட்லி. 35 இட்லிக்கு 1750 கலோரி. அவருடைய வரம்போ 1500. "புரோட்டீனை எட்டறதுக்குள்ள கலோரி தாண்டிடறது சார்" என்று லிஃப்டில் என்னைப் பிடித்துக்கொண்டார். வேர்க்கடலைக்கு மாறினார். நூறு கிராமில் 25 கிராம் புரோட்டீன். ஆஹா என்று கையளவு அள்ளியவர், 70 கிராமுக்குக் கூட்டிப் பார்த்துவிட்டு அள்ளியதைத் திரும்பக் கொட்டினார். அது 1600-ஐ நெருங்கியது. புரோட்டீன் பத்தி நிரம்பும்போதெல்லாம் கலோரிப் பத்தி வழிந்தது. வரவு வைத்த இடத்திலேயே செலவும் ஏறுகிற இப்படியொரு லெட்ஜரை எந்தக் கிளையிலும் பார்த்ததில்லையாம்.

ஜிம்முக்குப் போகும் மருமான் ஒரு டப்பா புரோட்டீன் பவுடர் கொண்டுவந்து கொடுத்தான். சாக்லேட் வாசனை. அதை மாமா தோசை மாவில் கலக்கச் சொன்னார். கல்லிலிருந்து எழும்பி வந்தது ஹவாய் செருப்பு நிறத்திலும் பதத்திலும் இருந்தது. மாமி திருப்பிப் போட்டுப் பார்த்துவிட்டு, "இதை எதுக்கு சாப்பிடணும்? கால்லே மாட்டிண்டு நடந்தேள்னா கலோரியாவது குறையும்" என்றார்.

கடைசியில் முட்டையின் வெள்ளைக்கருதான் உபாயம் என்று தேறியது. மூன்று வெள்ளைக்கருவில் 11 கிராம் புரோட்டீன், கலோரி ஐம்பதே சொச்சம். தன் அடுப்பில் கூடாது என்று மாமி சொல்லிவிட்டதால், பால்கனியில் தனி கெட்டில். மஞ்சள் கருவைக் கீழே சுற்றும் பூனைக்குப் போட்டுவந்தார். மூன்று மாதம் போயிற்று. ஒரு நாள் வாட்ச்மேன் வந்து பூனைக்குப் பிரசவ நாள் நெருங்கிவிட்டது, ஒரு அட்டைப்பெட்டி இருந்தால் கொடுங்கள் என்று கேட்டார். அது கடுவன் பூனை.

சர்க்கரைப் பத்தியில் மாமாவுக்கு இன்னும் கோபம். 2015-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்ன உச்சவரம்பு, மொத்தக் கலோரியில் பத்து சதவீதம். 1500-க்கு 150, கிராமுக்கு 4 வீதம் வகுத்தால் 37 கிராம் சர்க்கரை. தினம் நாலு டம்ளர் காபி, டம்ளருக்கு 10 கிராம். "காபியிலேயே ஓவர்டிராஃப்ட் சார்!" உடனே நாலு டம்ளரை அரை டம்ளர் ஆக்கினார். எட்டு அரை டம்ளர். அப்புறம் கருப்பட்டி. கருப்பட்டிக்கும் வெல்லத்துக்கும் சீனிக்கும் கலோரியில் பெரிய வித்தியாசம் கிடையாது என்பது அவருக்கே தெரியும். ஆனால் பத்தியின் தலைப்பில் 'சர்க்கரை' என்றுதானே எழுதியிருக்கிறது, கருப்பட்டி என்று இல்லையே. இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போன ஊரிலெல்லாம் இந்த மாதிரி வியாக்கியானத்தைக் கண்டால் சிவப்பு மசியில் வட்டம் போட்டிருப்பார்.

சூப்பர் மார்க்கெட்டில் அவர் பின்னால் மாட்டிக்கொண்டால் தொலைந்தோம். மேரி பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, "இது ஆஸ்பத்திரிக்கு வாங்கிண்டு போற பிஸ்கட். நூறு கிராமுக்கு இருபது கிராமுக்கு மேல சர்க்கரை" என்று தள்ளுவண்டியை நடுவில் நிறுத்திப் பிரசங்கம் செய்வார். இந்த இடத்தில் மட்டும் நான் அவர் கட்சி. சர்க்கரை சேர்க்கவில்லை என்று முன்பக்கம் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, பின்பக்கம் பேரீச்சம்பழக் கூழை எறும்பு எழுத்தில் போடுகிறவர்களை அவர் மாதிரி ஆள்தான் பிடிக்க முடியும்.

4, 9, 4 என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்பதும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வில்பர் ஆட்வாட்டர் என்ற அமெரிக்க வேதியியலாளர், 1890-களில் ஓர் ஆளை அடைத்த அறைக்குள் நாள்கணக்கில் உட்காரவைத்து, அவர் சாப்பிட்டதையும் உடம்பு விட்ட சூட்டையும் அளந்தவர். மாவுப்பொருளும் புரோட்டீனும் கிராமுக்கு 4, கொழுப்பு 9 என்று எல்லாப் பாக்கெட்டிலும் ஓடுவது அவர் வழி வந்த கணக்கு. நல்ல விஞ்ஞானிதான். ஆனால் அந்த அறைக்கு வெளியே நெய்க் கரண்டியோடு யாரும் நின்றிருக்கமாட்டார்கள்.

ஆறு மாதம் கழித்து மாமாவின் எடை 84.2. நோட்டைப் பார்த்தால் ஒரு நாளும் 1500-ஐத் தாண்டவில்லை. "நோட்டு சரியா இருக்கு. உடம்புலேதான் எங்கேயோ தப்பு" என்றார் மாமா.

மாமி இதைக் கேட்டுக்கொண்டே முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்: "மாசம் மூணு லிட்டர் எண்ணெய் தீர்றது. நாங்க ரெண்டே பேர்."

நான் மனசுக்குள் வகுத்தேன். ஆளுக்கு ஒன்றரை லிட்டர், நாளுக்கு 50 மில்லி, கிராமுக்கு 9 வீதம் போட்டால் 400 கலோரிக்கு மேல். மாமாவும் வகுத்துவிட்டார் என்று தெரிந்தது; உதடு அசைந்து நின்றது. நோட்டைப் புரட்டினேன். தினமும் ஒரே பதிவு: 'தாளிக்க, 1 ஸ்பூன்.' பக்கத்துக்குப் பக்கம் அதே ஸ்பூன். அப்பளம் பொரித்த நாளிலும்.

எண்ணெய் மட்டும் இல்லை. வங்கிக்காரர்கள், எந்தத் தலைப்பில் போடுவது என்று தெரியாத தொகையை சஸ்பென்ஸ் கணக்கில் போட்டு வைப்பார்கள். மாமாவுக்கும் அப்படி ஒன்று உண்டு. நோட்டில் அதற்குப் பத்தி கிடையாது, அவ்வளவுதான். நங்கநல்லூர் ஆஞ்சநேயர் கோயிலுக்குச் சனிக்கிழமை போனால், வடைமாலை சாத்திய வடை கிடைக்கும், அது பிரசாதம். மார்கழி முழுக்கச் சர்க்கரைப் பொங்கல். அது பிரசாதமும் கூட, விடியற்காலையும் கூட. பேரன் தட்டில் வைத்த மிச்சம், 'வீணாகாமல் காப்பாற்றியது'. பஜ்ஜிக்கு உப்பு சரியா என்று மாமி கேட்டால், சரியாகத் தெரிகிறவரைக்கும் ருசி பார்ப்பது. உட்கார்ந்து தட்டில் சாப்பிட்டால்தான் அவருக்கு வவுச்சர். நின்றுகொண்டு சாப்பிட்டால் வாய்மொழி.

போன தை மாதம் ஒரு கல்யாணத்தில் பந்தியில் அவர் பக்கத்தில் உட்காரும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. இலை போட்டார்கள், தண்ணீர் தெளித்தோம். மாமா துணிப்பையிலிருந்து தராசை எடுத்து இலை ஓரமாக வைத்தார். முதலில் வந்த இனிப்புப் பச்சடியை நிறுத்தார். பரிமாறுகிற பையன் கூட்டு வாளியோடு நின்றான், பின்னால் பொரியல் நின்றது, அதன் பின்னால் சாம்பார். வரிசை மணமேடை வரை போயிற்று. "என்ன மாமா, எடை போட்டு விக்கப்போறீங்களா?" என்றான் பையன். எதிர் வரிசையில் சிரிப்பு. மாமாவுக்கு ரோஷம் வந்து தராசை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அப்புறம் எல்லாவற்றுக்கும் "விடு, விடு" என்றார். பாயசம் மூன்று முறை வந்தது. மூன்றாவது முறை நான் அவரைப் பார்த்தேன்.

"அது மில்லிலிட்டர் சார். கிராம் இல்லை."

எடை பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி, காபிக்கு முன். கடிகாரம், மோதிரம், கடைசியில் மூக்குக்கண்ணாடியையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் மெஷினில் ஏறுவார். அது 25 கிராமாம். கண்ணாடி இல்லாமல் எண் தெரியாது என்பதால் படித்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டுவிடுவார். அந்த வாரமும் போனேன். ஏறினார், மூச்சை வெளியே விட்டார், கையைத் தொங்கவிட்டார். எண் கொஞ்சம் ஆடி நின்றது.

"85.1, மாமா."

இறங்கினார். மறுபடி ஏறினார். 85.1. இறங்கிக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து, இரண்டு கையாலும் மெஷினைத் தூக்கி, அடியிலும் ஓரங்களிலும் விரலால் தடவினார்.

"சார், எனக்குக் கண்ணு தெரியலை. இதுலே டேர் பொத்தானை எங்கே வச்சிருக்கான் பாருங்கோ."