சொன்னனா இல்லியா

ஆள்காட்டி விரல் மேலே போய்விட்டது. இனி யாராலும் தடுக்க முடியாது. திரையில் அம்மா லேசாகத்தான் இருமினாள், முந்தானையைக்கூட இன்னும் வாயருகே கொண்டுபோகவில்லை. "ரத்தம்" என்கிறார் மாமா. முந்தானையில் ரத்தம். மாமா நம் பக்கம் திரும்புகிறார். படத்தை விட்டுவிட்டு நம் முகத்தைப் பார்க்கிறார்.

"சொன்னனா இல்லியா?"

உங்கள் வீட்டில் இவர் பெரியப்பாவாக இருக்கலாம், பெண் கொடுத்த மச்சானாக இருக்கலாம். எங்களுக்கு வாய்த்தவர் ஆலத்தியூர் மாமா. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு டிவி முன்னால் நான்கு பேர் காலை நீட்டினால் போதும், ஐந்தாவதாக அந்த விரல் வந்து உட்கார்ந்துவிடும். ஊருக்குப் போகிற நண்பன் "வந்ததும் கல்யாணம்டா" என்று சிரித்தால், "இவன் வரமாட்டான்." ரிடையர் ஆக ஒரு வாரம் இருக்கிற ஏட்டு பேத்தி போட்டோவை எடுத்துப் பார்த்தால், "மாலைக்குச் சொல்லிடு." கதாநாயகன் கைகட்டி "சார்" என்று மென்மையாகப் பேசினால், "பம்பாய்ல டான்." இந்தக் கடைசி வியாதி 1995 பொங்கலுக்கு 'பாட்ஷா' வந்ததிலிருந்து. கம்பத்தில் கட்டிவைத்து அடிக்கிறார்கள், மாணிக்கம் வாங்கிக்கொள்கிறான். அன்று மாமாவே வாயைத் திறக்கவில்லையாம், அத்தை சொல்வாள். அந்த ஒரு தோல்விக்காகத்தான், அதற்குப் பின் வந்த சாதுவான மனிதர்கள் ஒருவரையும் அவர் நம்புவதில்லை.

சரி, புதுப் படமென்றால் பொறுத்துக்கொள்ளலாம். மாமா பழைய படத்துக்கும் ஆரூடம் சொல்வார். 'சூர்யவம்சம்' 1997-ல் வந்தது. டிவியில் அது ஓடாத மாதம் உண்டா? எங்கள் வீட்டுக் குழந்தைகளுக்கு வாய்ப்பாட்டுக்கு முன்னால் அது மனப்பாடம். இருந்தும் விரல் போகும்.

"இந்தப் பாட்டு முடியறதுக்குள்ள பஸ்ஸு வாங்கிடுவான் பாரு. அந்தப் பொண்ணு கலெக்டர் ஆயிடும்."

"மாமா, போன பொங்கலுக்கும் நாம இதப் பார்த்தோம்."

"பார்த்தா என்னா? சொன்னது நடந்துச்சா இல்லியா?"

நடந்தது. பஸ்ஸும் வந்தது, கலெக்டரும் வந்தார். "நாலு நிமிஷப் பாட்டுல கலெக்டரு. இங்க நாலு நிமிஷத்துல ஒரு டீ வரல" என்று அடுக்களைப் பக்கம் குரல் கொடுத்தார் மாமா. "பாட்டு போடுங்க, வரும்" என்றாள் அத்தை.

இந்தப் புத்தி அவருக்கு சினிமாவால் வந்ததல்ல, தொழிலால் வந்தது என்பது என் எண்ணம். சிமெண்ட் ஆலையில் வே பிரிட்ஜ் வேலை பார்த்தவர். சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர் மேடைமேல் ஏறும்போதே டயரின் பிதுக்கத்தைப் பார்த்து எடையைச் சொல்லிவிடுவார். எண் விழுவதற்குள் டிரைவர்கள் டீக்குப் பந்தயம் கட்டுவார்கள். சிறுவனாக ஒருமுறை கூடப் போயிருந்தேன். மூன்று வண்டிகள். மூன்றுக்கும் மாமா சொன்னதற்கும் மேடை சொன்னதற்கும் ஒரு மூட்டை வித்தியாசம்தான். மூன்றாவது டிரைவர் காசை வைத்துவிட்டு, "உங்க கண்ணுல கல்ல போட" என்று சிரித்துக்கொண்டே போனார். அன்று எனக்கு மாமா கடவுள். அந்தக் கண்ணைக் கொண்டுவந்து டிவி முன்னால் உட்காரவைத்ததுதான் தப்பு.

ஊர் விவகாரத்தையும் விடமாட்டார். பெரம்பலூரிலிருந்து அரியலூரை 2001-ல் தனி மாவட்டமாகப் பிரித்தார்கள். "பிரிஞ்ச அண்ணன் தம்பி சேராம படம் முடியாது" என்றார். 2002-ல் திரும்பச் சேர்த்துவிட்டார்கள். செந்துறைக்கும் ஆலத்தியூருக்கும் நடுவில் அவர் "சொன்னனா இல்லியா" கேட்காத டீக்கடை பாக்கியில்லை. 2007-ல் மறுபடி பிரித்தபோது கொஞ்சம் திணறினார். பிறகு சுதாரித்துக்கொண்டு, "இது பார்ட் டூ" என்றார்.

ஒருநாள் மடக்கிப் பார்க்கலாம் என்று வேலை மெனக்கெட்டுச் சேகரித்துக்கொண்டு போனேன். தமிழில் முதல் இரட்டை வேடம் 1940 'உத்தம புத்திரன்', பி.யு.சின்னப்பா. 1958-ல் அதே கதையில் சிவாஜி. 1949-ல் ஜெமினியின் 'அபூர்வ சகோதரர்கள்'. அதையே 1971-ல் 'நீரும் நெருப்பும்' என்று எம்.ஜி.ஆர். செய்தார். இந்த நாலுக்கும் மூலம் அலெக்சாந்தர் தூமா என்ற ஒரே பிரெஞ்சுக்காரர். 'அண்ணாமலை' என்ன கதை? ஜெஃப்ரி ஆர்ச்சர் என்ற வெள்ளைக்காரர் எழுதிய நாவல் இந்திப் படமாகி, அங்கிருந்து பால்காரராக நம்மிடம் வந்தது. ஆகவே மாமா, நம் ஆட்களை மட்டும் திட்டாதீர்கள்.

மாமா வெகுநேரம் யோசித்தார். "ஏண்டா, பிரான்சுலயும் புள்ளைங்க காணாமத்தான் போவுதா?" என்றார்.

'அந்த நாள்' போட்டுக் காட்டினேன். 1954, பாட்டே இல்லாத படம், தொடங்கியதுமே சிவாஜி சுடப்பட்டுச் சாகிறார், சுட்டது யார் என்பதுதான் கதை. மாமா அரைமணிக்குள் ஓர் ஆளைக் காட்டினார். தப்பு. இன்னோர் ஆளைக் காட்டினார். அதுவும் தப்பு. (யார் என்று நான் சொல்லமாட்டேன். சொன்னால் எனக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்?) முடிந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "பாட்டில்லாத படம் கணக்குல வராது" என்று எழுந்து போய்விட்டார்.

உண்மையில் எனக்கு அவர்மேல் இருப்பது வேறு வருத்தம். வாரப் பத்திரிகையில் என் கதை ஒன்று வந்தது. எட்டு மாதம் அடித்துத் திருத்தி எழுதியது. கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு இரண்டு பத்தி படித்தார், விரலை உயர்த்தினார். "அந்த வாத்தியாருதான் அவன் அப்பன்." பத்திரிகையை மடித்து டிவி மேல் வைத்தார். ஆமாம், வாத்தியார்தான் அப்பா. ஆனால் அந்தப் பையன் அதைத் தெரிந்துகொண்ட பிறகும் தெரியாத மாதிரியே அவருக்கு சைக்கிளில் காற்றடித்துக் கொடுக்கிற இடம் ஒன்று இருக்கிறது; அதற்காகத்தான் எழுதினேன். அதுவரை அவர் வரவேயில்லை. அதற்குப் பிறகு அவரிடம் நான் எதையும் காட்டுவதில்லை. கேட்கவும் இல்லை அவர்.

இவ்வளவு கறாரான மனிதரின் மர அலமாரியைத் திறந்தால் என்ன இருக்கிறது தெரியுமா? அவர் அப்பா வாரவாரம் கத்தரித்து, தைத்து, காலிகோ அட்டை போட்ட 'பொன்னியின் செல்வன்'. பக்கம் நடுவில் தைல விளம்பரம், ஓரத்தில் கரையான் அரித்த கோடு. மழைக்காலத்தில் இதற்குத்தான் முதலில் பாலிதீன் போர்த்துவார். அத்தைக்கு ரமணிசந்திரன். "பணக்காரன் மொறைப்பான், ஏழைப் பொண்ணு வீம்பு பண்ணும், கடேசில கல்யாணம், இதுக்கு எதுக்கு முந்நூறு பக்கம்?" என்று மாமா கேட்கும்போதெல்லாம் அத்தை தலையைத் தூக்காமல் பக்கத்தைத் திருப்புவாள். ஒருநாள் மட்டும் தூக்கினாள்.

"உங்க வந்தியத்தேவன் எந்த மரத்துல ஏறினாலும் கீழ ஒரு சதிக்கூட்டம் நடக்குதே, அது மட்டும் எப்படி?"

நானும் சேர்ந்துகொண்டேன். "குழந்தை மாறுறதுகூட இருக்கே மாமா. சேந்தன் அமுதன்தான் நெசமான மதுராந்தகன்னு கடேசில வருதே. ஆஸ்பத்திரில நர்ஸு மாத்தினா சிரிக்கறீங்க."

"அது சரித்திரம்டா. கங்கைகொண்ட சோழபுரம் நம்ம மாவட்டத்துல இருக்கு, போய்ப் பாரு" என்றார் மாமா.

குழந்தை மாறியதற்கு அந்தக் கோயிலில் என்ன சாட்சி இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. முகம் அப்படி இருந்தது.

2023 ஏப்ரலில் 'பொன்னியின் செல்வன்' சினிமாவின் இரண்டாம் பாகம் வெளியானது. அரியலூரில் பார்த்தோம், மாமா, அத்தை, நான். மூன்று மணி நேரத்துக்குப் பக்கம். விரல் ஒரு தடவைகூட மேலே போகவில்லை. வேட்டி மடிப்பைப் பிடித்தபடியே இருந்தது. நந்தினி வந்தாள், ஆதித்த கரிகாலன் செத்தான், எல்லாம் ஆயிற்று. சேந்தன் அமுதன் ஓரமாக வந்தான், ஓரமாகவே நின்றுவிட்டான். அவன் பிறப்பு ரகசியத்தை யாரும் எடுக்கவேயில்லை. மதுராந்தகன் மதுராந்தகனாகவே இருக்க, படம் முடிந்தது.

விளக்குப் போட்ட பிறகும் மாமா எழவில்லை. கூட்டுகிறவர் வந்து நின்ற பிறகுதான் எழுந்தார். பஸ் ஸ்டாண்ட் வரை பேச்சில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன், கையிலேயே வைத்திருந்தார். சிமெண்ட் லாரி ஒன்று போனது; எடை சொல்லவில்லை.

"என்னாங்க, டீ ஆறுது" என்றாள் அத்தை.

"இத்தனை கோடி போட்டிருக்கானுவ" என்றார் மாமா, யாரையும் பார்க்காமல். "ஒரு புள்ளைய மாத்த எவ்ளோ செலவாயிடப் போவுது?"