கோப்பி தெரிந்தவன்

கதிரவெளியில் கோப்பி குடிக்கவென்று யாரும் கடைக்குப் போவதில்லை. கடையில் தேத்தண்ணி கிடைக்கும், கொஞ்சம் வசதியான கடையென்றால் நெஸ்கபே. கோப்பி வீட்டுச் சாமான். தடிமன், தலையிடி, மாரிக் குளிர், செத்தவீட்டில் இரா முழிப்பு, இதற்குத்தான் அந்தப் போத்தலைத் திறப்பார்கள். கொட்டையைத் தாச்சியில் கருக வறுத்து, மல்லியும் வேர்க்கொம்பும் சேர்த்து உரலில் இடித்து அரித்து வைத்த தூள். அதைக் குடித்து வளர்ந்த நான், கொழும்பில் வேலை கிடைத்த கையோடு நல்ல கோப்பி தேடும் ஆளாகிவிட்டேன். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. அலுவலகத்தில் எல்லோரும் தேடினார்கள்.

சந்திக்குச் சந்தி கிளை திறக்கும் பெரிய கம்பனிக் கடைகளுக்குள் கால் வைப்பதில்லை என்று ஒரு கொள்கையும் வைத்துக்கொண்டேன். தனி ஆட்கள் நடத்தும் கடைகள்தான் வேண்டும். மரைன் டிரைவில் கடலைப் பார்த்தபடி இலங்கைக் கோப்பியையே விற்ற வைட் அன்ட் கோ, ஃபைஃப் வீதியில் ஹன்சா, கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் அலுவலகமாக இருந்து பிறகு உணவகமாக மாறிய கேலரி கஃபே என்று பட்டியல் நீண்டது. கேலரி கஃபேயில் கோப்பி எப்படி என்று கேட்டவர்களிடம் நான் முற்றத்தையும் தூண்களையும் பற்றிப் பேசினேன். நாக்குக்கு விளங்காததைக் கண் சமாளித்துக்கொடுக்கும்.

முதல் மானக்கேடு எஸ்பிரசோவால் வந்தது. (எந்தக் கடை என்று சொல்லமாட்டேன், பிழை கடையுடையதல்ல.) பட்டியலில் ஆகக் குறைந்த விலை அதற்குத்தான் என்பதால் அதைச் சொன்னேன். பொம்மைக் கோப்பை மாதிரி ஒன்றில் அடியில் கொஞ்சம் கறுப்பாக வந்தது. ருசி பார்க்கத் தந்திருக்கிறார்கள், மிச்சம் பின்னால் வரும் என்று நினைத்துக் காத்திருந்தேன். பில்தான் வந்தது. அன்றிரவே அறையில் குந்தியிருந்து படித்தேன்: ஒன்பது பார் அழுத்தத்தில் வெந்நீரைத் தூளுக்குள்ளால் அரை நிமிடம் தள்ளி, முப்பது மில்லிலீற்றர் அளவில் எடுப்பதுதான் எஸ்பிரசோவாம். அடுத்த கிழமை இதையே அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெடியனுக்கு, பிறக்கும்போதே தெரிந்தவன் போல விளக்கினேன்.

இன்னொரு கடையில் ஒவ்வொரு கோப்பியோடும் ஒரு சின்ன அட்டை வைப்பார்கள். அதில் இன்ன பழ வாசம், இன்ன பூ வாசம் என்று எழுதியிருக்கும். நான் ஒரு மிடறு குடித்து, கண்ணை மூடி, "தோடம்பழ வாசம் தூக்கலா இருக்கு மச்சான்" என்றேன். கூட வந்தவன் அட்டையைத் தன் பக்கம் இழுத்தான். அது அவனுடைய கோப்பியின் அட்டை.

நாக்குத்தான் இல்லையே தவிர வாய்க்குக் குறைவில்லை. கோப்பை ஆறும்வரை வரலாறு பேசுவேன். இந்த நாடு தேயிலைக்கு முன்னர் கோப்பி நாடு. 1869இல் மடுல்சீமைப் பக்கத்தில் இலைத்துரு நோய் கண்டது. இருபது வருடத்துக்குள் தோட்டங்கள் அழிந்தன. நோயின் விஞ்ஞானப் பெயரைத் திரித்துத் துரைமார் 'நாசகார எமிலி' என்று ஒரு பெண்ணின் பெயரில் அதைத் திட்டினார்கள். மலையகத் தமிழர் தேயிலைக்காகவே வந்தவர்கள் என்று நம்மில் பலர் இன்னும் நினைக்கிறோம். முதலில் வந்தவர்கள் கோப்பிக்கு வந்தவர்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தார்கள். கொலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். நான் சரியாகச் சொல்லக்கூடிய ஒரே விசயம் இதுதான். இந்த இடத்துக்கு வரும்போதுதான் எல்லோரும் தொலைபேசியைப் பார்க்கத் தொடங்குவார்கள்.

ஒருநாள் தனியாகப் போயிருந்தேன். பரிமாறுகிற தம்பியிடம் என் உடைந்த ஆங்கிலத்தில் அது எந்த மலைக் கொட்டை, எவ்வளவு வறுத்தது என்றெல்லாம் விசாரித்தேன். அவனும் பொறுமையாக ஆங்கிலத்திலேயே மறுமொழி சொன்னான். அந்த நேரம் பார்த்து அம்மா அழைத்தார். "ஓம் அம்மா, சாப்பிட்டுட்டன், சோறுதான்" என்று கடை முழுக்கக் கேட்கப் பேசி முடித்தேன். கோப்பியை வைக்க வந்தவன் குனிந்து, "அண்ணன் எந்தப் பக்கம், கதிரவெளியா? நான் வாகரை" என்றான். பிறகு இன்னும் மெதுவாக, "இது புளிக்கும் அண்ணன். சீனி போட்டுக் குடியுங்க. நான் இஞ்ச தேத்தண்ணிதான் குடிக்கிற."

போட்டேன். மூன்று கரண்டி.

தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அதே கடையில் கால் கிலோ கொட்டை வாங்கிக்கொண்டு உதயதேவியில் ஏறினேன். விலையை வீட்டில் சொல்லவில்லை. அரைக்கும் கருவி வேண்டும் என்ற நினைவு வாழைச்சேனையில் இறங்கிய பிறகுதான் வந்தது. அம்மா பையைப் பிரித்து மணந்து பார்த்தார். "இது இன்னும் வறுபடல்லயே மகன், உன்னை ஏமாத்திப் போட்டாங்கள்." நான் குளித்துவிட்டு வருவதற்குள் அது தாச்சியில் ஏறி, புகைந்து, கரியாகி, மல்லியோடும் வேர்க்கொம்போடும் உரலுக்குள் போய்விட்டது. குடித்துப் பார்த்தேன். வழக்கமான வீட்டுக் கோப்பிக்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அதையும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. பக்கத்து வீட்டு மாமா வந்தபோது, "இது தனித்தோட்டத்துக் கொட்டை மாமா, குடித்தால் தெரியும்" என்றேன். அவரும் தலையாட்டினார்.

இப்போது ஊரிலிருந்து கொழும்புக்குப் போகிற பிள்ளைகள், நல்ல கோப்பிக் கடை எது என்று என்னிடம்தான் கேட்கிறார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். கடைக்குப் போய், பரிமாறுகிற தம்பியிடம் தமிழில் கேளுங்கள்.