ஒரு முதுகின் விண்ணப்பம்

அனுப்புநர்: ஒரு முதுகு (வயது 52), குழித்தறி ஓரம், ஆரணி, திருவண்ணாமலை மாவட்டம்.

பெறுநர்: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், சென்னை.

பொருள்: பெரிய நோய் ஒன்று வழங்கக் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

நான் ஆரணிப் பட்டு நெசவாளர் ஒருவருடைய முதுகு. நாளை மறுநாள் தறியிலிருந்து சேலை அறுத்தாக வேண்டும் என்பதால் அவருக்கு எழுத நேரமில்லை. வலிப்பது எனக்குத்தானே என்று நானே எழுதுகிறேன்.

தங்களைக் குறை சொல்ல வரவில்லை. 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகப் பிறந்தீர்கள். 2012-ல் பெயர் மாறினீர்கள். 2018-ல் வந்த மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்தோடு கைகோத்து, இன்று குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறீர்கள். ஆட்சிகள் மாறின, தாங்கள் இன்றும் இருக்கிறீர்கள். தங்கள் தயவில் நெஞ்சைத் திறந்து மூடிக்கொண்டு வந்து, திண்ணையில் உட்கார்ந்து தார் சுற்றுகிறவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. அவர்கள் தங்களைக் கும்பிடுகிறார்கள். குனிய முடிந்தால் நானும் கும்பிடுவேன்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்ற தங்கள் நிபந்தனையை நிறைவேற்றுவதிலும் எங்களுக்குச் சிரமமில்லை. 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நாட்டின் நெசவாளர் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக்கு மாத வருமானம் 5,000 ரூபாய்கூட இல்லை. தகுதி என்று வந்துவிட்டால் எங்களை அடித்துக்கொள்ள ஆளில்லை.

குறை என் பக்கம்தான். தங்களுக்கு ஏற்ற நோய் என்னிடம் இல்லை.

குழித்தறியைத் தாங்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. படத்தில் சேலைதான் தெரியும். தரையில் ஒரு குழி, அதற்குள் இரண்டு கால், காலடியில் மிதிப்பலகை. விளிம்பில் ஒரு பலகையைப் போட்டு உட்கார வேண்டும். சாய்ந்துகொள்ள எதுவும் கிடையாது. ஒரு கை நாடாவின் கயிற்றை இழுக்கும், மறு கை அச்சை அடிக்கும், ஒவ்வோர் அடிக்கும் நான் முன்னால் போய்ப் பின்னால் வருவேன். இழை அறுந்தால் மூக்கு பாவில் முட்டுகிற அளவுக்கு வளைந்து முடிச்சுப் போட வேண்டும். புட்டா நெருக்கமான முந்தி வந்துவிட்டால் அன்றைக்கெல்லாம் எனக்கு ஒரே வளைவுதான். மழைக்காலத்தில் குழியில் ஈரம் ஊறும், அது காலில் ஏறி என்னிடம் வந்து சேரும். முப்பது வருஷமாக இதே வேலை. இதில் என்னவாகும்? தேய்வேன். உடைய மாட்டேன். உடைந்தால் தாங்கள் வருவீர்கள். தேய்மானத்துக்குப் பெரும்பாலும் தங்களிடம் பக்கம் கிடையாது. படுக்கையில் சேர்ந்து, கத்தி வைத்துத் தைக்கிற நிலைமைக்கு வந்தால்தான் தங்கள் கண்ணில் படுவேன். ஆகவே, எனக்குக் கொஞ்சம் பெரிய நோயாகப் பார்த்து வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு பழைய கதை. 2005-06 வாக்கில் நெசவாளர்களுக்கென்றே மத்திய அரசு ஒரு காப்பீடு கொண்டுவந்தது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு மொத்தமே 15,000 ரூபாய். தங்கள் 5 லட்சத்துக்கு முன் அது சில்லறை. ஆனால் அந்தச் சில்லறையில் பாதி, அதாவது 7,500 ரூபாய் வரை, புறநோயாளி சிகிச்சைக்கு. படுக்காமலே, நடந்து போய், மாத்திரை வாங்கிக்கொண்டு நடந்தே திரும்பி வரலாம். முதுகைப் பார்த்த யாரோ ஒருவர் போட்ட கணக்கு அது. பத்தாண்டு நிறையுமுன் பெரிய திட்டங்களுக்குள் கரைந்துபோனது. தொகை வளர்ந்து லட்சங்களுக்குப் போனது, 7,500 பூஜ்யத்துக்கு வந்தது.

அரசு மருத்துவமனையில் புறநோயாளிச் சீட்டு இலவசம்தானே என்பீர்கள். உண்மை. போனேன். முதலாளி வீட்டில் சேலை ஒப்படைக்கும்போது வெளிச்சத்தில் விரித்து, முந்தியிலிருந்து மறுமுனைவரை தடவிப் பார்த்து, அறுந்த இழையைக் கண்டுபிடித்துக் கூலியில் பிடிப்பார்கள். எனக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. வரிசை நீளம், டாக்டர் பாவம், சட்டையைத் தூக்காமலே என்னைப் புரிந்துகொண்டார். “ஒரு மாசம் தறியில உட்காராதீங்க. ரெஸ்ட் எடுங்க.”

சரியான மருந்து. எந்தக் கடையில் கிடைக்கும் என்று மட்டும் சீட்டில் எழுதவில்லை. சேலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவன் ஒரு மாதம் உட்காராவிட்டால் அந்த மாதம் கூலி இல்லை. பாவு கொடுத்தவரிடம் வாங்கிய முன்பணம் மட்டும் ஓய்வெடுக்காது.

1948-ல் சட்டமான இ.எஸ்.ஐ. திட்டத்துக்கு இந்த மருந்தின் பெயர் தெரியும். நோயில் படுத்த தொழிலாளிக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டில் 91 நாள் வரை. ஆனால் அதற்குப் பொதுவாகப் பத்துப் பேர் வேலை செய்யும் நிறுவனம் வேண்டும். என் நிறுவனத்தில் நானும், எதிரே இழை எடுத்துக்கொடுக்கும் வீட்டம்மாவின் முதுகும்தான். பாவும் பட்டும் ஜரிகையும் இன்னொருவருடையது, டிசைன் அவருடையது, கூலி நிர்ணயம் அவருடையது. வலி மட்டும் சுயதொழில்.

2021 ஆகஸ்டு முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வருகிறது. வாசலிலேயே பிரஷர் பார்த்து, சுகர் பார்த்து, மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார்கள். ஒரு நாள் கூலி மிச்சம். தறி நடந்து ஆஸ்பத்திரிக்கு வராது என்று கண்டுபிடித்தவரை நான் மனதாரப் பாராட்டுகிறேன். 2024-ல் ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ தொடங்கினார்கள். அது தொழிற்சாலைகளைத் தேடிப் போகிறது. ஆக, முதலாவது வந்தால் நாங்கள் மக்கள். இரண்டாவது வந்தால் நாங்கள் யார் என்று தெரியவில்லை.

கைத்தறிப் பட்டு நெசவுத் தொழிலாளருக்கென்று தனி நலவாரியமே இருக்கிறது. மகளுக்குக் கல்யாணமானால் பணம், பிரசவமானால் பணம், கண்ணாடி வாங்கினால் பணம், இறந்துபோனால் ஈமச் சடங்குக்குப் பணம். அறுபது வயதானால் ஓய்வூதியமும் உண்டு. நல்ல மனசு. நான் 52-ல் இருக்கிறேன், சாகவில்லை, கல்யாணமும் பழையது.

ஆகவே ஒரு யோசனை. கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் நிம்மதியாகக் குஞ்சு பொரிக்க வேண்டும். அதுவரை மீனவக் குடும்பத்துக்கு நிவாரணம் 8,000 ரூபாய். அது போதாது என்று அவர்கள் சொல்வதும் நியாயம். ஆனால் ஓய்வு தேவை என்றால் அதற்குப் பணமும் வேண்டும் என்று அரசு ஒப்புக்கொண்ட இடம் அது. அதேபோல் ஆரணியில் ஒரு ‘தறித் தடைக்காலம்’ அறிவிக்கலாமே? முதுகுத் தட்டுகள் இனப்பெருக்கம் செய்யாதுதான், பேசிப் பார்க்கிறேன். ஆடியில் வைத்தால் முகூர்த்தமும் கெடாது.

பதிலைத் தபாலில் அனுப்பவும். ஓ.டி.பி. அனுப்பினால் பையன் போனுக்குத்தான் போகும். அவன் தறி வேண்டாம் என்று செய்யாறு சிப்காட்டில் ஒரு கம்பெனிக்குப் போய்விட்டான். அங்கே அவனுக்கு இ.எஸ்.ஐ. உண்டு. அவனைச் சார்ந்திருக்கும் பெற்றோருக்கும் அதில் வைத்தியம் கிடைக்குமாம். பெற்றோரின் வருமானம் மாதம் 9,000-க்கு மிஞ்சக் கூடாது, அவ்வளவுதான். அந்தத் தகுதியும் எங்களிடம் தாராளமாக இருக்கிறது. முப்பது வருஷம் நெய்தும் தொழிலாளி ஆக முடியாத நான், தறியை விட்டு ஓடிய பையனின் ‘சார்ந்திருப்பவர்’ ஆகி இ.எஸ்.ஐ. வாசலை மிதிக்கப் போகிறேன். அடுத்த வாரம் பாரம் பூர்த்தி செய்கிறோம். அதற்குள் தங்களிடமிருந்து பெரிய நோய் ஏதும் ஒதுக்கீடானால் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள
முதுகு

(கையொப்பம் இடக் குனிய முடியவில்லை, வீட்டம்மா கைநாட்டு வைத்திருக்கிறார்.)