டப்பாவில் பேக்கப் ஏறாமை: கம்பம் பள்ளத்தாக்கை முன்வைத்து ஓர் ஆய்வு

1. தோற்றுவாய்

கம்பம் பள்ளத்தாக்கின் டீக்கடைகளில் காலைப் பேப்பரை விரித்ததும் கண் முதலில் போகுமிடம் அணை நீர்மட்டம். "பெரியாறு எத்தன அடிண்ணே?" என்ற கேள்விக்குப் பதில் தெரியாதவர் வெளியூர்க்காரர் என்று அறிக. 142 அடியைத் தொடுமா, இந்த வருஷம் இருபோகம் உண்டா என்று இரண்டாவது டீ வரைக்கும் வாதிடும் இம்மக்கள், தம் கடைக் கம்ப்யூட்டரில் உள்ளது டப்பாவுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று ஒருநாளும் கேட்டதில்லை. இம்முரணே இவ்வாய்வின் தோற்றுவாய்.

2. சொல்லாராய்ச்சி

டப்பா என்பது யாது எனின், நெட்வொர்க்கில் மாட்டிய சேமிப்புப் பெட்டி. விற்பவர் வழக்கில் நாஸ். வாங்கியவர் வழக்கில் டப்பா. உள்ளே இரண்டு ஹார்டு டிஸ்க், பின்னே ஒரு லேன் வயர், முன்னே ஒரு பச்சை விளக்கு. ஆயுத பூஜைக்குப் பின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் கூடுதல்.

பேக்கப் என்பதைக் 'காப்பு' என்று தமிழாக்குவர். நூலின் முதலில் பாடுவதும் காப்பு; திருவிழாவுக்குக் கையில் கட்டுவதும் காப்பு. இரண்டும் நம்பிக்கையால் நிற்பவை. நம் கடைகளின் பேக்கப்பும் அவ்வாறே நிற்பதால் இம்மொழிபெயர்ப்பு மிகவும் பொருந்தும்.

3. முன்னோர் கூற்று

புகைப்படக் கலைஞர் பீட்டர் கிராக் பரப்பியது 3-2-1 விதி: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியிடத்தில். அவர் நூலின் பெயர் 'தி டேம் புக்'. டேம் என்பது அங்கே டிஜிட்டல் கோப்புகளைப் பேணும் முறைக்கு மூன்றெழுத்துச் சுருக்கம். ஆயினும் லோயர்கேம்ப்பில் இந்நூலைக் காட்டினால் பென்னிகுயிக்கைப் பற்றியது என்றே கொள்வர். கொள்வதில் குற்றமும் இல்லை. என்னை?

மேற்கே ஓடிய பெரியாற்றை, 1887இல் தொடங்கி 1895இல் முடித்த அணையால் மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார் அவர். அந்நீர் லோயர்கேம்ப்பில் இறங்கிக் கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வயல்களை நனைத்து, 1959இல் திறந்த வைகை அணையில் தேங்குகிறது. நீர் புறப்படும் தேக்கடி மூலக் கணினி. சுரங்கம் லேன் வயர். வைகை அணை டப்பா. நீர் இடம்பெயரும், கோப்போ பிரதியாகும். ஆதலின் இது குறையுவமை என்க.

4. ஆய்வுக்களம்

களம், சின்னமனூரில் என் மைத்துனரின் போட்டோ ஸ்டூடியோ. ஒரு மாமா வந்தார். மகள் கல்யாண வீடியோ இருந்த பென் டிரைவைப் பேரன் தண்ணீரில் போட்டுவிட்டானாம். இன்னொரு காப்பி வேண்டுமாம். அதே வாரத்தில்தான் கடைக் கம்ப்யூட்டரின் டிஸ்க்கும் உயிரை விட்டிருந்தது. டப்பாவைத் திறந்தோம். அதிலிருந்த கடைசிக் கல்யாணத்தின் மாப்பிள்ளைக்கு இப்போது குழந்தை நடக்கிறது.

"பச்ச லைட்டு எரிஞ்சுக்கிட்டேதான மச்சான் இருந்துச்சு?" என்றார் மைத்துனர். பச்சை விளக்கு சொல்வது டப்பாவுக்குக் கரண்ட் வருகிறது என்பதை மட்டுமே. கதவுக்கு மேலே விளக்கு எரிந்தால் வீட்டில் ஆள் இருக்கிறார் என்று பொருளாகாது.

5. பிழை வகை

புது டிஸ்க் மாட்டி, வாய்க்கால் வழியே நடப்பதுபோல் அடி அடியாகப் பார்த்ததில் பிழை நால்வகைப்பட்டது.

(அ) முகவரி திரிதல். கரண்ட் போய் வரும்போதெல்லாம் ரவுட்டர் டப்பாவுக்கு வேறு ஐபி எண் கொடுக்கலாம். பேக்கப் மென்பொருளோ பழைய எண்ணின் கதவையே தட்டி, 0x80070035 என்று சொல்லித் திரும்பும். 'வழி காணோம்' என்பது இதன் பொருள். ரவுட்டரில் அந்த எண்ணை டப்பாவுக்கென்றே ஒதுக்கிவைப்பது மருந்து.

(ஆ) சாவி மாறுதல். டப்பாவில் பாஸ்வேர்டை மாற்றியவர் விண்டோஸிடம் சொல்லவில்லை. மதகு திறக்கும் லஸ்கர், பூட்டு மாறியதறியாமல் பழைய சாவியோடு நிற்பதை ஒக்கும். சேமித்த கடவுச்சொல்லை அழித்துப் புதிதாகக் கொடுக்க.

(இ) மொழி புரியாமை. பழைய டப்பாக்கள் எஸ்எம்பி-1 என்னும் பழந்தமிழ் மட்டுமே பேசும். 2017 மே மாதம் வானாகிரை என்னும் தீநிரல் உலகெங்கும் புகுந்தது அம்மொழியின் ஓட்டை வழியே. அவ்வாண்டின் பிற்பகுதியில் வந்த பதிப்பிலிருந்து விண்டோஸ் 10 அதைப் பேசுவதைப் படிப்படியாகக் கைவிட்டது. விண்டோஸில் அதைத் திரும்பப் போடுவது திருடனுக்குப் பின்வாசலைத் திறப்பது. டப்பாவின் மென்பொருளைப் புதுப்பிப்பதே முறை.

(ஈ) நிறைதல். வைகை அணைக்கு 71 அடி. 66 அடியில் முதல் எச்சரிக்கை, 68.5இல் இரண்டாவது, 69இல் மூன்றாவது என்று ஐந்து மாவட்டத்துக்குச் சொல்லியே மதகைத் திறப்பர். டப்பாவும் நிறையுமுன் மின்னஞ்சல் அனுப்பியிருந்தது. போன முகவரி, டப்பாவை மாட்டிக் கொடுத்த தம்பியுடையது. அவர் இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார்.

இது நம் ஊர்க் குறைபாடு மட்டும் அன்று. 2017 ஜனவரி 31 இரவு, கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் சர்வர் மாறித் தரவை அழித்துவிட்டார். ஐவகை ஏற்பாடு இருந்தும் அவசரத்துக்கு ஒன்றும் உதவவில்லை. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் உரியவரைச் சேராமலே இருந்திருக்கின்றன. ஆறு மணி நேரம் முன்பு ஒருவர் வேறு வேலைக்காகக் கையால் எடுத்த பிரதியே காத்தது.

நால்வகையும் தீர்த்தோம். மறுநாள் காலை டப்பாவில் ஒரு கோப்பும் ஏறவில்லை. அன்றிரவு ஆய்வாளர் கடை சாத்தும்வரை உடனிருந்தார். பேக்கப்புக்குக் குறித்திருந்த நேரம் அதிகாலை 2 மணி. இரவு ஒன்பதரைக்கு மைத்துனர் சாமி படத்தைத் தொட்டுக் கும்பிட்டு, மெயினை அணைத்து, ஷட்டரை இழுத்தார். மதகைத் திறக்கச் சொல்லி நாள் குறித்துவிட்டு, ஆற்றையே அணைத்துவிட்டுப் போவது இது. நேரத்தை மதியம் சாப்பாட்டு வேளைக்கு மாற்றினோம், ஏறியது.

6. தடையும் விடையும்

'டப்பாவில் ஒன்றுக்கொன்று படியெடுக்கும் இரண்டு டிஸ்க் உண்டே, அதுவே பேக்கப் ஆகாதோ?' எனின், ஆகாது. ஒன்றில் அழித்தால் மற்றதிலும் அக்கணமே அழியும். ஒரு டிஸ்க் செத்தால் மற்றது காக்கும். கை தவறினால் இரண்டும் சேர்ந்தே கைவிடும்.

7. கடைமடைத் தேற்றம்

பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோகத்துக்கு அணை திறந்ததைப் பேப்பர் அன்றைக்கே எழுதும். கடைமடைக்காரர் அதை நம்பி நாற்றுப் பாவுவதில்லை. தன் வரப்பில் ஈரம் கண்டபின்தான் திறந்தது என்பார். ஆதலின்,

ஏறிற் றென்பது விளக்கான் அறியார்
மீண்டுழி அறிப மேலை யோரே

என ஆய்வாளர் நூற்பா ஒன்று செய்துள்ளார். மீண்டுழி என்றது, டப்பாவிலிருந்து ஒரு கோப்பை எடுத்துத் திறந்து பார்த்த இடத்து என்றவாறு.

இப்போது ஸ்டூடியோச் சுவரில் ஒரு கரும்பலகை. பெரியாறு, வைகை, டப்பா என மூன்று வரி. எதிரே அன்றன்றைய எண். மாதம் ஒருமுறை மைத்துனர் ஒரு கல்யாணத்தை டப்பாவிலிருந்து மீட்டு ஓடவிடுகிறார். முதல் மாதம் மீண்டது எங்கள் வீட்டுக் கல்யாணம். அதில் நான் பந்தியில் மூன்றாவது முறை பாயசம் கேட்பதும், பரிமாறுபவர் காது கேளாததுபோல் நகர்வதும் தெளிவாக உள்ளன. இந்த ஒரு தரவு மட்டும் மீளாமல் இருந்திருக்கலாம் என்பது ஆய்வாளரின் தனிப்பட்ட கருத்து.