பழசு எது?

1952-இல் மத்திய அமைச்சர் கேஸ்கருக்கு சினிமாப் பாட்டு கசந்தது. அகில இந்திய வானொலி கைவிட்ட நேயர்களை இலங்கை வானொலி வாரி அணைத்துக்கொண்டது. 1957-இல் விவித்பாரதி தொடங்கி ஒருவழியாகச் சமாதானமானார்கள். இன்றைய பண்பலைக்காரர்கள் தடையெல்லாம் போடுவதில்லை. பழைய பாட்டை ராத்திரிக்குத் தள்ளிவிட்டார்கள், அவ்வளவுதான். கிழவர்களுக்குத் தூக்கம் வராது என்று தெரியும்.

பி.பி. ஸ்ரீனிவாஸ் வருவார் என்று டிரான்சிஸ்டரைக் காதோடு ஒட்டிவைத்துக் காத்திருந்தார் பெரியப்பா. முதலில் மூட்டுவலித் தைல விளம்பரம் வந்தது. (நேயரைப் புரிந்துகொண்ட ஒரே ஜீவன்.) பிறகு அறிவிப்பாளர் குழைந்தார்: "அந்தக் காலத்துப் பொக்கிஷம்!" வந்தது 1992-இன் 'ரோஜா'.

"சாந்தி கல்யாணத்துல இது புதுப் பாட்டுடா!" என்றவர், பேட்டரிகளைக் கழற்றி, காலை வெயில் படட்டுமென்று ஜன்னலோரம் வைத்தார்.