தலை சாயும் ஸ்டாண்ட்: ஒரு புணரியல் ஆய்வு

சொல்லும் சொல்லும் சேரும் இடத்தைப் பவணந்தி முனிவர் நன்னூலில் ஆராய்ந்துவிட்டார். இரும்பும் இரும்பும் சேரும் இடத்தை ஆராயத்தான் ஆளில்லை. கோவையில் லேத் பட்டறை நடத்துபவன் என்ற ஒரே தகுதியில் இறங்கினேன்.

ஆய்வுப்பொருள், நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் டயலைப் பிடிக்கும் மேக்னட் ஸ்டாண்ட். கை இரண்டு, மூட்டு மூன்று, குமிழ் ஒன்று. குமிழைத் திருகினால் உள்ளே ஒரு கூம்பு நகர்ந்து, கைகளுக்குள் இருக்கும் தண்டுகளை இருபுறமும் தள்ளும். தண்டுகள் நுனிக் குண்டுகளை நெருக்கும். மூன்று மூட்டும் ஒன்றாக இறுகும். இது இயல்புப் புணர்ச்சி.

எங்களுடையது இறுகவில்லை. டயலில் ஒரு கோடு 0.01 மி.மீ. நாலு ஜா சக்கில் சென்டர் பார்த்த பையன், முள் நகர்வதைக் கண்டு ஜாவை முடுக்கினான். மறுபடி நகர்ந்தது, மறுபடி முடுக்கினான். அரை மணி நேரம் கழித்து மூத்த டர்னர் வந்து, "சக்கைச் சுத்தாம முள்ளைப் பாரு கண்ணு" என்றார். அப்போதும் முள் நகர்ந்தது. ஸ்டாண்ட் தூங்கி வழிந்துகொண்டிருந்தது.

விகாரம் மூன்று என்பது மரபு. குமிழ் கெட்டியாக இறுகியும் கை நழுவினால் அது தோன்றல், தோன்றியது எண்ணெய். ஆயுத பூஜைக்கு முதல் நாள், உராய்வையே நம்பிப் பிழைக்கும் இதற்கும் பையன் பக்தியோடு எண்ணெய் விட்டிருக்கிறான். மூட்டிடுக்கில் சந்தனமும் இருந்தது. குண்டில் குழி விழுந்து, இறுக்கும்போதெல்லாம் கை பழைய இடத்துக்கே தாவினால் திரிதல். குழி லேசானதென்றால் எமரித் தாள் போதும். குமிழ் தடையில்லாமல் கடைசிவரை சுற்றினால் கெடுதல்: தண்டின் நுனி தேய்ந்து நீளம் போயிற்று.

எங்களுக்கு வாய்த்தது முதலாவதும் மூன்றாவதும். எண்ணெயைத் துடைத்ததும் கை நழுவுவது குறைந்தது. ஆனால் குமிழ் முட்டி நின்ற பிறகும் ஆட்டம் மிச்சம். எல்லாவற்றையும் பெட்ரோலில் கழுவி, உலர்த்தி, தண்டின் நுனியில் 0.5 மி.மீ. பித்தளை ஷிம் வெட்டி வைத்தோம். ஓசை குறைந்த இடத்தை நீட்டி நிரப்புவதற்குப் புலவர்கள் வைத்த பெயர் அளபெடை. டர்னர் அதை 'துண்டு வெக்கறது' என்கிறார்.

ஸ்டாண்ட் நின்றது. சக்கைச் சுற்றாமல் பார்த்தோம்; முள் அசையவில்லை. மேசையில் மட்டும் ஒரு வாஷர் மிஞ்சியிருந்தது. அதைப் புறனடையில் சேர்த்திருக்கிறேன்.